தண்ணீர்த் தொட்டி ஜீப்

இன்னும் ஒரு தடவை சிரி. ஒரே ஒரு தடவை. இந்த மண்ணெண்ணெய்த் துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறேன். அப்புறம் நீயே இங்கே படுத்துக்கொண்டு நம்பரைத் தேடு. உன் அண்ணனும் நீயுமாகத் தேடுங்கள்.

மேலே நாத்தனார் சிரித்தாள். ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவள் எழுந்து போகவில்லை. துருவின் மேல் துணியை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

அடிச்சட்டத்தில் நம்பர் குத்திய இடம் அவளுக்குத் தெரியும். துரு போனதும் சாக்பீஸைப் பொடித்துத் தடவினால், பள்ளத்தில் வெள்ளை தங்கி எண் மெல்ல எழுந்து வரும். அவளுக்கு அந்த நேரம் மிகவும் பிடிக்கும். இன்று அதில் மனசு நிற்கவில்லை. படுத்திருந்த இடத்திலிருந்து அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று ஜோடிக் கால்கள்தான். எண்ணெய் குடித்துக் கறுத்த கணவனின் பூட்ஸ். மண்ணே படாத பல் டாக்டரின் ஷூ. நாத்தனாரின் சிவப்புச் செருப்பு; அதிலும் ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்தக் காலால் மற்றக் கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். ஆண்கள் இருவரின் கால்களும் சிவப்புச் செருப்பைப் பார்த்துத் திரும்பியிருந்தன. வண்டியைப் பார்த்து ஒன்றுகூட இல்லை.

"ஏய், வெளிய வா," என்று கணவன் குனிந்து கூப்பிட்டான். "தங்கச்சி என்ன கொண்டாந்திருக்கா பாரு. வந்து கேளு."

கணவனுக்குப் பழைய ஜீப்புகளைப் பழுது பார்க்கும் வேலை. அவற்றின் பூர்வீகத்தைத் தேடுவது அவள் வேலை. தொழிற்சாலையிலிருந்து எந்த இலாகாவுக்குப் போனது, யார் ஓட்டினார்கள், எங்கே கவிழ்ந்தது, யார் கை மாறி யாரிடம் வந்தது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பாள். "பூர்வீகம் தெரிஞ்சா வண்டி, தெரியலைன்னா இரும்பு" என்று கணவன் எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்வான். முதலில் அதைச் சொன்னது அவள். அது அவனுக்கு ஞாபகமில்லை.

இந்த ஜீப் பல் டாக்டருடையது. காட்டுத் தீயை அணைப்பதற்கென்றே செய்த வண்டி. பின்னால் இரும்புத் தண்ணீர்த் தொட்டி, கியர்பாக்ஸிலிருந்தே ஓடும் பம்பு. இந்த மாதிரி வண்டிகளை விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் செய்தார்கள். மிஞ்சியவை அதைவிடக் குறைவு. வனத்துறை வாங்கியது தெரியும். காயலான் கடைக்காரர் விற்றது தெரியும். நடுவில் அது எங்கே இருந்தது என்பது தெரியவில்லை. பிளேடால் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்திருந்தாள். அடியில் பச்சை, அதன் மேல் சிவப்பு, அதற்கும் மேல் மஞ்சள். பச்சைக்கும் சிவப்புக்கும் கணக்குச் சொல்ல முடிந்தது. மஞ்சள் யார் அடித்தது? இரண்டு வருஷமாக அந்த மஞ்சள் அவளைத் தூங்கவிடவில்லை.

நாத்தனார் வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. தொலைபேசியில் வாடிக்கையாளர் புகார் கேட்கும் வேலையை உதறிவிட்டு, "திட்டு வாங்கி வாங்கிக் காதே தேஞ்சு போச்சு அண்ணி, கொஞ்ச நாள் இங்க இருந்துக்கறேன்" என்று பெட்டியோடு வந்து நின்றாள். அண்ணி தன் காகிதங்களை வைத்திருந்த சின்ன அறை நாத்தனாரின் அறை ஆனது. காகிதங்கள் அலமாரியின் தலைக்குப் போயின. சும்மா இருக்க வேண்டாமே என்று நாத்தனார் பட்டறைக்கு வர ஆரம்பித்தாள். போன வாரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணோடு பேச்சுக் கொடுத்ததில், அந்தப் பெண்ணின் மாமனார் தீயணைப்பு வண்டி ஓட்டியவர் என்று தெரிந்ததாம். அப்படியே அந்தப் பெண்ணோடு இறங்கி, அவர்கள் வீட்டுக்கே போய்விட்டாளாம்.

இரண்டு வருஷம். எத்தனை கடிதம், எத்தனை ஓய்வு பெற்ற அதிகாரிகள். இவளுக்கு ஒரு பஸ் டிக்கெட்.

அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். பானெட்டின் மேல் நாத்தனாரின் போன் இருந்தது. அதில் பதிவாகியிருந்த ஒரு வயதான குரல் பேசியது.

"ஆமாம்மா, இதேதான். நான் ஓட்டுன வண்டியேதான். மஞ்சக் கலரு எங்க காலத்துலதான் அடிச்சாங்க. அதோ பாரு, ஏறுற எடத்துல ஒரு கொக்கி இருக்கு பாத்தியா? அதுலதான் என் தொப்பிய மாட்டுவேன். எத்தன நெருப்பு பாத்திருக்கு அந்தத் தொப்பி!"

"அடடா!" என்றார் பல் டாக்டர். "தொப்பி மாட்டுன கொக்கி! இத அப்படியே பலகைல எழுதிடணும்மா. கண்காட்சில எல்லாரும் கொக்கியத்தான் தொட்டுப் பாப்பாங்க."

பழைய வண்டிகளின் கண்காட்சியில் ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் ஒரு பலகை நிற்கும். வண்டியின் பூர்வீகம், அடியில் அதைத் தேடியவர் பெயர். அந்த ஒரு வரியைப் பார்ப்பதற்காகவே அவள் ஒவ்வொரு வருஷமும் நல்ல புடவை கட்டிக்கொண்டு போவாள்.

"இந்தத் தடவ தங்கச்சி பேரப் போட்டுடுவோமா?" என்றான் கணவன், அவளைப் பார்க்காமலே. "அவதானே கண்டுபுடிச்சா?"

"சும்மா இரு அண்ணா. அண்ணி பேருதான். நான் என்ன செஞ்சேன், வாயத் தொறந்தேன், அவ்வளவுதான்."

"வாயத் தொறக்க வைக்கறதுதாம்மா கஷ்டம். என்னக் கேளு," என்றார் பல் டாக்டர். மூவரும் சிரித்தார்கள்.

அவள் கொக்கியைப் பார்த்தாள். வளைத்த கம்பித் துண்டு. மேலே பெயிண்ட் பூசியிருந்ததால் பழசு மாதிரிதான் தெரிந்தது. போன வருஷம் அவள் வண்டிக்குள் உட்கார்ந்து டாஷ்போர்டில் இருந்த ஓட்டைகளை ஆராய்ந்தபோதெல்லாம் அவள் கைப்பை கீழே கிடந்து கிரீஸாகிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் கணவன் தானாகவே வந்து இந்தக் கம்பியைப் பற்றவைத்தான். "மகாராணி பை மாட்டிக்கலாம்" என்றான். வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி, கம்பியை ஊதிச் சூடாற்றி, அவள் பையை அவனே மாட்டிவிட்டான்.

டிரைவர் அந்தக் கொக்கியை அவர் காலத்தில் பார்த்திருக்க முடியாது. நாத்தனாரின் போனில், படத்தில் பார்த்திருக்கிறார்.

இந்த வேலையில் முதல் பாடம் அதுதான். கேட்டு முடிக்கும்வரை படத்தைக் காட்டக் கூடாது. காட்டினால் மனிதர்களுக்குப் படம்தான் ஞாபகம் வரும். அதுவும் பொய் என்று தெரியாமல், கண் கலங்க, ஆசையாக ஞாபகம் வரும். நாத்தனார் ஒரு நாள் கேட்டாள்தான். "யாரையாவது பாக்கப் போனா எப்படிக் கேக்கணும் அண்ணி? ஏதாவது சொல்லிக் குடுங்களேன்." அவள் அதற்கு, "உனக்கென்ன, உனக்குத்தான் பேச வருமே" என்றாள்.

இப்போது வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. நெஞ்சுக்குள் சில்லென்று ஏதோ இறங்கியது. சந்தோஷம்தான், வேறு பெயர் சொல்லி ஏமாற்றிக்கொள்ள முடியாது. அதோடு சேர்ந்து ஒரு வலியும் இருந்தது. கணவன் அந்தக் கொக்கியைத் தடவிக்கொண்டு தங்கையைப் பாராட்டிக்கொண்டிருந்தான். விரலுக்குக்கூட ஞாபகமில்லை.

மறுநாள் காலையில் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது நாத்தனார் வந்து மேடையில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணி, அந்தக் கத்திரிக்காய் உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒண்ணுமில்ல."

"எம்மேல கோபம்னா என்னையே நறுக்கிடுங்க. அது பாவம், வாயில்லாதது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை விழுங்கினாள். இவளிடம் இதுதான் கஷ்டம். வெறுக்கவும் விடமாட்டாள்.

"அந்த டிரைவர் வீட்டுக்கு நானும் வரேன்," என்றாள்.

"ஐயோ, நிஜமாவா? வாங்க வாங்க! அவரே இன்னொரு தடவ வரச் சொன்னாரு." நாத்தனார் மேடையிலிருந்து குதித்தாள். "நீங்க வந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

சரிபார்க்கத்தான் போகிறேன் என்று பஸ் ஏறும்வரை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பூர்வீகம் தேடுகிறவள் சரிபார்க்கத்தானே வேண்டும்? ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும், நாத்தனாரின் முகம் எப்படி மாறும் என்றுதான் கற்பனை ஓடியது. முதலில் கண் மாறும். அப்புறம் அந்த வாய். அந்த வாய் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் அவள் அவ்வளவு தூரம் போய்க்கொண்டிருந்தாள்.

டிரைவர் வீட்டில் கதவைத் திறந்த மருமகள், "வந்துட்டியா!" என்று நாத்தனாரின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். போன வாரம்தான் பழகியவள் மாதிரி இல்லை. அண்ணி தனியாகப் போகிற வீடுகளில் உட்கார நாற்காலி கொடுப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், கேட்டதற்குப் பதில் சொல்வார்கள். யாரும் கையைப் பிடித்ததில்லை.

டிரைவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். அவர்கள் வருகிறார்கள் என்று இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார்.

"இவங்க?"

"எங்க அண்ணி. இந்த வேலைல இவங்கதான் பெரிய ஆளு. நான் சும்மா எடுபிடி," என்றாள் நாத்தனார். சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள்.

"போன உள்ள வை," என்றாள் அவள். "ஐயா, கொஞ்சம் கண்ண மூடிக்கறீங்களா?"

"எதுக்கும்மா, ஊசி போடப் போறியா?"

"இல்லைங்க ஐயா. வண்டில ஏறுங்க. ஏறி உக்காந்தாச்சா? மொதல்ல கை எங்க போகுது?"

அவர் கண்ணை மூடினார். பிறகு வலது கை எழுந்தது. முன்னாலிருந்து பின்னால், காற்றில் எதையோ நீளமாக இழுத்தது.

"கதவு," என்றார். "இழுத்துச் சாத்தணும். பாதில சிக்கிக்கும், சனியன்."

டாக்டரின் ஜீப்பில் இழுத்துச் சாத்தும் கதவு கிடையாது. கதவே கிடையாது.

"நெருப்புக்கிட்ட வந்தாச்சு. தண்ணிய எப்படித் தொறப்பீங்க?"

"எறங்கித்தான் தொறக்கணும். பின்னால போயி வால்வைச் சுத்தணும். ரெண்டு பேரு வேணும் அதுக்கு." கண்ணை மூடியபடியே அவர் இரண்டு கைகளாலும் ஒரு பெரிய வளையத்தைச் சுற்றினார்.

ஜீப்பில் பம்பை இயக்கும் நெம்புகோல் டிரைவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

"ஏணி?"

"கூரை மேல, நீளத்துக்கும் கட்டியிருக்கும்."

ஜீப்புக்குக் கூரையும் இல்லை. அவர் ஓட்டியது பெரிய லாரி. மஞ்சள் அடித்த ஏதோ ஒரு லாரி. அவள் திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். முதலில் கண் மாறியது. அவள் நினைத்தபடியேதான்.

"ஐயா," என்றாள் நாத்தனார், தணிந்த குரலில். "தொப்பிய எங்க மாட்டுவீங்க?"

"தொப்பியா? அத யாரு மாட்டுனா? சீட்டுக்கு அடியில தூக்கிப் போட்டுருவேன். எனக்குத் தொப்பியே பிடிக்காது." அவர் கண்ணைத் திறந்தார். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

"ஐயோ, இல்லைங்க ஐயா. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்."

வந்த காரியம் முடிந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நாத்தனார் எழவில்லை. நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்தக் கதவு பாதில சிக்கிக்கும்னீங்களே, நெருப்புக்கு நடுவுல சிக்கியிருக்கா?" என்று கேட்டாள். சிக்கியிருந்தது. அவர் சொல்லத் தொடங்கினார். பிரயோஜனமில்லாத லாரி, பிரயோஜனமில்லாத கதவு. நாத்தனார் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ரெக்கார்டு செய்யவில்லை. அவளுக்கு எதுவும் தேவைப்படவில்லை. அவளுக்கு நிஜமாகவே கதவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நின்றுகொண்டே அவள் அதைப் பார்த்தாள். வாய்ச் சாமர்த்தியம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். சாமர்த்தியமாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். சாமர்த்தியத்தைக் கற்றுக்கொண்டுவிடலாம்.

திரும்பும் பஸ்ஸில் நாத்தனார் வெகுநேரம் பேசவில்லை. அந்த வாய் சும்மா இருந்தபோது எப்படி இருந்தது என்று அவளால் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

"படத்தக் காட்டியிருக்கக் கூடாது. இல்ல அண்ணி?"

"ம்."

"உங்களுக்கு மொதல்லயே தெரியும்."

"அந்தக் கொக்கி போன வருஷம் உங்க அண்ணன் பத்தவச்சது."

நாத்தனார் அதை யோசித்தாள். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே," என்றாள். குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்ட மாதிரி இருந்தது. நாத்தனார் அழுவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். அதற்கான கைக்குட்டைகூடப் பையில் இருந்தது. பக்கத்தில் தோள் குலுங்கியது. திரும்பினால், நாத்தனார் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தொப்பியே பிடிக்காதாம் அண்ணி! சீட்டுக்கு அடியில! நான் வேற டாக்டர்கிட்ட அந்தக் கொக்கியக் கண்ணுல ஒத்திக்கச் சொல்லாத குறைதான்!"

முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, விஷயம் தெரியாமலே அவர்களும் சிரித்தார்கள்.

பட்டறையில் நாத்தனாரே எல்லாவற்றையும் சொன்னாள். டிரைவரின் கையை நடித்துக் காட்டினாள், கதவை இழுத்தாள், வால்வைச் சுற்றினாள். அண்ணி கேட்ட கேள்விகளை அண்ணியின் குரலிலேயே கேட்டாள். அவ்வளவு நிதானமாக, அவ்வளவு மரியாதையாக. தன் குரல் அப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. தப்பு தன்னுடையது என்று நாத்தனார் மூன்று நான்கு முறை சொன்னாள். படம் காட்டக் கூடாது என்று அண்ணி முன்பே சொல்லித்தரவில்லை என்பதை ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

பல் டாக்டர் கோபப்படவில்லை. "நான் தினமும் பாக்கறதுதானே? எந்தப் பல்லைத் தட்டுறேனோ அதுதான் வலிக்குதும்பாங்க. இதுக்குப் போயி வருத்தப்படாதம்மா," என்றார். பலகையில் அந்த இடைக்காலம் தெரியவில்லை என்றே எழுதட்டும், அவள் பெயரே இருக்கட்டும் என்றார். அவள் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. சப்பென்று இருந்தது.

கணவன் கொக்கியைத் தட்டிப் பார்த்தான். "இத நானா வச்சேன்?"

"நீங்கதான்."

"எதுக்கு?"

"பை மாட்ட."

"யாரு பை?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தான். "விடுங்க," என்றாள்.

அன்று தபாலில் அவளுக்கு ஒரு பதில் வந்திருந்தது. மஞ்சள் வண்டிகளை வைத்திருந்த ஒரு சுரங்கத்தின் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸம்மா. தண்ணீர்த் தொட்டி வைத்த ஜீப் ஒன்று அங்கே இருந்ததாக நினைவு, நேரில் வந்தால் பேசலாம் என்று எழுதியிருந்தார். தேடித் தேடி அவளே எட்டிய முகவரி. அதைக் கணவனிடம் சொன்னபோது நாத்தனார் காதிலும் விழுந்தது.

"அண்ணி, நானும் வரேன்!" நாத்தனார் ஓடி வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "போன வெளியவே எடுக்க மாட்டேன், சத்தியமா. நான் பேச்சுக் குடுக்கறேன், நீங்க கேள்வி கேளுங்க. நாம ரெண்டு பேரும் சேந்து போனா எந்த வண்டி தப்பிக்கும்?"

"அதான் சரி," என்றான் கணவன். "ஒருத்திக்கு வாயி, ஒருத்திக்கு மூளை."

"எனக்கு மூளை இல்லன்னு எவ்வளவு அழகாச் சொல்றான் பாருங்க," என்றாள் நாத்தனார்.

அதுதான் சரி என்று அவளுக்கும் தெரிந்தது. நர்ஸம்மா முதலில் கதவைப் பாதிதான் திறப்பார். நாத்தனார் இருந்தால் முழுசாகத் திறப்பார். தான் கேட்கத் தெரியாத ஏதோ ஒன்றை நாத்தனார் கேட்பாள். மஞ்சள் யார் அடித்தது என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். மறுப்பதற்கு ஒரு காரணம் கிடைக்குமா என்று அவள் மனசுக்குள் துழாவினாள். நேற்று வரை ஒன்று இருந்தது. படத்தைக் காட்டிக் கெடுத்துவிடுவாள் என்று சொல்லியிருக்கலாம். இனி அதுவும் இல்லை. நாத்தனார் ஒரே தடவையில் கற்றுக்கொண்டுவிட்டாள். மிச்சம் இருந்தது தன் ஆசை மட்டும்தான். பார்க்க அழகாக இல்லை. ஆனாலும் தன்னுடையது. பாதி திறந்த கதவுக்கு முன்னால் தனியாக நிற்பது, நாற்காலியும் தண்ணீரும் கிடைப்பது, கேட்டதற்கு மட்டும் பதில் வருவது. கையைப் பிடிக்காத அந்த மனிதர்களிடமிருந்து ஒவ்வொரு வார்த்தையாக அவளே கொண்டுவந்தவைதான் இத்தனை பலகைகளும்.

முழங்கையில் இருந்த கை சூடாக இருந்தது. அவள் அதன் மேல் தன் கையை வைத்தாள். ஒரு கணம் அப்படியே வைத்திருந்துவிட்டு, மெதுவாக எடுத்துவிட்டாள்.

"இல்லம்மா," என்றாள். "இதுக்கு நான் தனியாத்தான் போறேன்."